பறவைகளிடம் கேட்டு எழுதியவர்: ஜான் லூதர் ஆடம்ஸ் – விவாத இழை

மழைக்குருவி

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த இழை. முதலில் ஒரு தெளிவு: 'நிக்சன் இன் சைனா' ஆபராவை எழுதிய ஜான் ஆடம்ஸ் வேறு ஆள். அவர் 1947இல் பிறந்தவர். இவர் 1953இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். யூடியூபில் தேடும்போது 'லூதர்' சேர்த்துத் தேடுங்கள்.

பதின்வயதில் ராக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர் இவர். ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் இசைத்தட்டு உறையில் எட்கார் வரேஸ் என்ற பெயரைப் பார்த்து, அது யார் என்று தேடிப்போய், அந்த வழியாக நவீன இசைக்குள் வந்தார். கலிபோர்னியாவின் கலைக் கல்லூரியான கால்ஆர்ட்ஸில் இசையமைப்பாளர் ஜேம்ஸ் டென்னியிடம் படித்து 1973இல் வெளியே வந்தார். அதற்குப் பிறகு ஜார்ஜியாவின் கிராமப்புறத்தில் வாழ்ந்த காலத்தில் வுட் த்ரஷ் என்ற காட்டுப் பறவை அவரைப் பிடித்துக்கொண்டது. 1974இல் 'சாங்பேர்ட்சாங்ஸ்' என்ற தொகுப்பை எழுதத் தொடங்கினார். ஐந்தாறு வருடம் அதிலேயே இருந்தார்.

பிக்கோலோ என்ற சிறிய புல்லாங்குழலும் தாளக் கருவிகளும்தான் அதில் முக்கியம். எல்லோருடைய பகுதியையும் சேர்த்து எழுதிய வழக்கமான முழு ஸ்கோர் கிடையாது. ஒவ்வொரு வாசிப்பாளரிடமும் சில பறவைச் சொற்றொடர்கள் இருக்கும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற குறிப்புகள் இருக்கும். எப்போது வாசிப்பது, எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்பதை மற்றவர்களைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்தக் காத்திருப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு பிக்கோலோ நாலைந்து சுரத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு நிற்கும். எதுவும் நடக்காது. எங்கோ தள்ளி இன்னொரு பிக்கோலோ அதையே சற்று மாற்றிச் சொல்லும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை யாரும் எழுதி வைக்கவில்லை.

கேட்டவர்கள், கேட்க விரும்புபவர்கள், பிடிக்காதவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

பாறைப்பல்லி

நல்ல தொடக்கம். ஆனால் எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி உண்டு. பறவை பாடுவதைப் பிக்கோலோவில் வாசித்தால் அதில் இசையமைப்பாளரின் வேலை என்ன? பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான் இதை முன்பே செய்துவிட்டார். 1956 முதல் 1958 வரை எழுதிய 'பறவைகளின் பட்டியல்' பியானோவுக்கான 13 பெரிய துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பறவை, அது வாழும் பிரெஞ்சு நிலம், அந்த நேரத்து வெளிச்சம் எல்லாம் இருக்கின்றன. அதற்குப் பிறகு வந்தவர் புதிதாக என்ன செய்தார் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு இவர்மேல் ஆர்வம் வரும்.

ஆறாங்காலம்

பாறைப்பல்லி மெஸ்ஸியானை எடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி. நான் மிருதங்கக்காரன். எங்கள் பக்கத்திலிருந்து அவரிடம் போக நேரான வழி ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் வரும் 120 தேசி தாளங்களை ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் பார்த்துவிட்டு வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தியவர் அவர். 1956இல் முடித்த 'அயல்நாட்டுப் பறவைகள்' என்ற படைப்பில் பியானோ, காற்றுக் கருவிகள், தாளக் கருவிகள் மட்டும்தான், தந்திக் கருவியே கிடையாது. அதில் நம் நாட்டுச் சோலைபாடியும் மலை மைனாவும் பாடுகின்றன. அடியில் தாளக் கருவிகளில் சார்ங்கதேவரின் தாளங்கள் ஓடுகின்றன. பறவைக்கு ஒரு கணக்கு, தாளத்துக்கு ஒரு கணக்கு, இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

ஆனால் மெஸ்ஸியான் எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடுகிறார். எந்தப் பறவை எந்த நொடியில் வர வேண்டும் என்று எழுதிவிடுகிறார். வாசிப்பவருக்கு எண்ணிக்கொண்டே இருப்பதுதான் வேலை. மழைக்குருவி சொல்வதைப் பார்த்தால் ஆடம்ஸ் அந்தப் பிடியை விட்டுவிட்டார் போலிருக்கிறது. லய வாத்தியக்காரனாக எனக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியவில்லை.

மழைக்குருவி

ஐயா சரியான இடத்தைத் தொட்டீர்கள். மெஸ்ஸியான் பறவையின் பாட்டை மெதுவாக்கி, ஸ்தாயியை இறக்கி, சுர இடைவெளிகளை விகிதம் மாறாமல் பெரிதாக்கி, பிறகு அதைத் தன் ஹார்மனிக்குள், அதாவது சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தன் முறைக்குள், வைத்தார். அவர் காதுக்கு அது பறவையாகவே இருந்தது, கேட்பவர்களுக்கு அது மெஸ்ஸியானாக இருந்தது. குறை சொல்லவில்லை, அந்தப் பியானோத் துண்டுகள் மகத்தானவை. ஆடம்ஸ் பறவையின் ராகத்தோடு சேர்த்து அதன் நடத்தையையும் எடுத்துக்கொண்டார். பாடுவது, நிற்பது, எதிரொலிக்குக் காத்திருப்பது, பக்கத்துப் பறவை பாடும்போது விட்டுக்கொடுப்பது. பாறைப்பல்லி சார் கேட்ட 'இசையமைப்பாளரின் வேலை' எனக்கு அங்கேதான் தெரிகிறது.

நீலகிரி நடை

பறவை பார்ப்பவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

வுட் த்ரஷ் பாட்டு மூன்று பகுதியாக வரும். முதலில் பக்கத்தில் நின்றால் மட்டுமே கேட்கும் சில மெல்லிய சுரங்கள். பிறகு புல்லாங்குழல் போன்ற அந்தப் புகழ்பெற்ற நடுப்பகுதி. கடைசியில் ஒரு வேகமான அதிர்வு. அந்த அதிர்வில் ஒரே பறவை இரண்டு குரலில் பாடுகிறது. மனிதனுக்குக் குரல்வளை தொண்டையில் மேலே இருக்கிறது. பறவைக்குச் சிரிங்ஸ் என்ற குரலுறுப்பு, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், அடியில் இருக்கிறது. பாடும் பறவைகள் அதன் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் தனித்தனியாக இயக்கும். ஒரு பிக்கோலோவால் இதை அப்படியே வாசிக்க முடியாது. அதனால் இங்கே 'காப்பி' என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒவ்வொரு சொற்றொடரிலும் எதை வைப்பது, எதை விடுவது என்று எழுதுபவர் தீர்மானித்தாக வேண்டும்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்மிட் த்ரஷ் பற்றி 2014இல் ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தது. அந்தப் பறவை தேர்ந்தெடுக்கும் சுரங்கள் பெரும்பாலும் இயற்கையான மேல்சுரத் தொடரை ஒட்டி அமைகின்றன என்று காட்டினார்கள். அதாவது ஒரு அடிச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று போகும் அதிர்வெண்கள். கட்டுரையின் முதல் ஆசிரியர் எமிலி டூலிட்டில் ஓர் இசையமைப்பாளர். உயிரியலாளர்களோடு சேர்ந்து எழுதினார். இந்தத் துறையில் இது எனக்குப் பிடித்த செய்தி: இசைக்காரர்கள் பறவையிடமிருந்து எடுத்துக்கொண்டு மட்டும் போகவில்லை, பறவையைப் பற்றிய அறிவுக்கும் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பைட் புட்சர்பேர்ட் என்ற பறவையின் பாட்டைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்து, அதை வைத்தே இசையும் எழுதும் வயலின் கலைஞர் ஹாலிஸ் டெய்லரையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

ஒலிப்பதிவாளன்

நான் சினிமா ஒலிப்பதிவில் இருக்கிறேன். என் கேள்வி நேரானது. நல்ல மைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவுசெய்து, அந்த ஒலியையே இசைக்குழுவோடு ஓடவிட்டால் என்ன? இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பிகி 1924லேயே 'ரோமின் பைன் மரங்கள்' படைப்பில் நைட்டிங்கேல் பதிவை இசைத்தட்டில் ஓடவிட்டார். பின்லாந்தின் ரவுத்தவாரா 1972இல் 'கான்டுஸ் ஆர்க்டிகுஸ்' எழுதினார். ஊலு பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்ட விழாவுக்காகக் கேட்டு வாங்கியது அது. ஆர்க்டிக் வட்டத்துப் பக்கமும் லிமிங்கா சதுப்பு நிலத்திலும் பதிவுசெய்த பறவைக் குரல்கள் டேப்பில் ஓட, ஆர்க்கெஸ்ட்ரா அவற்றோடு பேசும். இரண்டாம் பகுதியில் கொம்பு வானம்பாடியின் பாட்டை இரண்டு ஸ்தாயி இறங்கும் அளவுக்கு மெதுவாக்கி வைத்திருக்கிறார். டேப்பை மெதுவாக ஓட்டுவது என்ற எளிய வேலைதான், ஆனால் ஒரு சிறு பறவை யாரும் அறியாத பெரிய விலங்காகிவிடுகிறது. கடைசிப் பகுதியில் அன்னங்கள் கூட்டமாகப் புலம்பெயரும் ஒலி ஆர்க்கெஸ்ட்ராவையே தூக்கிக்கொண்டு போகும். இதைவிட நேர்மையான வழி இருக்கிறதா?

மழைக்குருவி

'கான்டுஸ் ஆர்க்டிகுஸ்' எனக்கும் பிடிக்கும். அன்னங்கள் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் டேப்பில் இருக்கும் பறவைக்குப் பக்கத்தில் வாசிப்பவர் என்ன செய்கிறார் என்பது தெரியாது. அது தன் பாட்டுக்குப் பாடி முடித்துவிடும். இசைக்குழு அதற்கு ஏற்பப் போக வேண்டும். ஆடம்ஸின் தொகுப்பில் பறவைக் குரலை எடுத்துக்கொண்டவரும் ஒரு மனிதர், எதிரே இருப்பவரும் மனிதர். ஒருவர் கேட்பது இன்னொருவரை மாற்றும். இரண்டுமே நேர்மையான வழிகள்தான். எனக்கு இரண்டாவதில் கூடுதல் உயிர் இருக்கிறது.

கர்நாடக வயலின் படிப்பவளாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து கோட்டு நொட்டேஷனில் பறவைப் பாட்டை எழுதும்போது முதலில் தொலைவது சுரங்களுக்கு நடுவே இருக்கும் வழுக்கல். ஆடம்ஸ் இதை நொட்டேஷனின் துல்லியத்தால் ஈடுகட்ட முயலவில்லை. களத்தில் நின்று காதால் கேட்டதை எளிய சொற்றொடராக எழுதி, மீதியை வாசிப்பவரின் மூச்சிடம் விட்டுவிட்டார்.

பாறைப்பல்லி

சரி, 'சாங்பேர்ட்சாங்ஸ்' கேட்டேன். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 'ஈவன்சாங்' என்ற கடைசித் துண்டை இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டேன். ஆனால் அதே ஆர்வத்தில் புலிட்சர் பரிசு வாங்கிய 'பிகம் ஓஷன்' போட்டேன். 42 நிமிடம். பறவையும் இல்லை, மெட்டும் இல்லை. ஒலி ஏறுகிறது, இறங்குகிறது. பறவையிடம் அவ்வளவு கற்றவர் ஏன் அதை விட்டுவிட்டார்?

மழைக்குருவி

விட்டுவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

1975இல் முதல்முறை அலாஸ்கா போனார். 1978இல் அங்கேயே குடியேறினார். ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வெளியே காட்டுக்குள் ஒரு மரக்குடிலில் பல வருடம் வாழ்ந்தார். அங்கே குளிர்காலத்தில் பறவைச் சத்தம் மிகக் குறைவு. சூரியன் சில மணி நேரமே தலைகாட்டும். பாட்டு இல்லாத இடத்தில் எதைக் கேட்பது? காற்று, பனி, வெளிச்சத்தின் மாற்றம், நிலத்தின் அளவு. அவருடைய இசையிலிருந்து மெட்டு மெல்ல மெல்ல விலகி, இடமே பொருளானது அங்கேதான்.

2006இல் ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய அறையைத் திறந்தார். 'தி பிளேஸ் வேர் யூ கோ டு லிசன்' என்று பெயர். அந்த அறைக்குள் வாசிப்பவர் யாரும் இல்லை. அந்த நேரத்துச் சூரியனின் நிலை, சந்திரனின் நிலை, அலாஸ்காவின் நில அதிர்வுகள், வட துருவ ஒளி எழும்போது ஏற்படும் காந்தப்புல மாற்றம், எல்லாத் தரவுகளும் கணினி வழியாக ஒலியாகின்றன. பகலுக்கு ஒரு ஒலித்திரள், இரவுக்கு ஒன்று. நிலம் அதிர்ந்தால் அடியில் முரசு போன்ற முழக்கம். துருவ ஒளி வந்தால் கூரையிலிருந்து மணியோசை. வெளியே மேகம் மூடி ஒளி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அறைக்குள் மணி கேட்கும். எழுதி முடித்த படைப்பு என்று அதைச் சொல்லவே முடியாது, அந்த நிலம் தன் போக்கில் அதை எழுதிக்கொண்டே இருக்கிறது.

2009இல் 'இனுக்சுயிட்'. 9 முதல் 99 தாள வாத்தியக்காரர்கள் வரை திறந்தவெளியில் வாசிப்பது. கனடாவின் பான்ஃபில் மலைகளுக்கு நடுவே முதலில் வாசித்தார்கள். எல்லோரும் நடுவில் கூடி வெறும் மூச்சொலியோடு தொடங்குவார்கள். காகிதக் கூம்புக்குள் ஊதுவார்கள். பிறகு ஒவ்வொருவராக வெளிப்பக்கம் நடந்து போய்விடுவார்கள். சங்கு ஒலிக்கும், கையால் சுற்றும் சைரன்கள் எழும், முரசுகளும் பெரிய காங்குகளும் நாலா பக்கமும் அதிரும். கேட்பவர்கள் உட்கார வேண்டியதில்லை, நடக்கலாம். நடக்கும் ஒவ்வொருவரும் வேறு இசையைக் கேட்பார்கள். அந்தப் பேரொலி அடங்கிய பிறகு கடைசியில் என்ன வருகிறது தெரியுமா? பிக்கோலோக்களும் சிறு உலோக மணிகளும் வாசிக்கும் பறவைப் பாட்டு. பாறைப்பல்லி சார், பறவையை அவர் விடவில்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் ஆதாரம். வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு காட்டுக்குள் செய்த பதிவு இருக்கிறது. அதில் அந்தக் காட்டின் நிஜப் பறவைகளும் சேர்ந்து ஒலிக்கின்றன.

'பிகம் ஓஷன்' 2013இல் சியாட்டில் சிம்ஃபனி, லுடோவிக் மோர்லோவின் நடத்துகையில் அரங்கேறியது. 2014இல் புலிட்சர். ஆர்க்கெஸ்ட்ரா மூன்று குழுவாகப் பிரிந்து இருக்கும். மரக் காற்றுக் கருவிகள் ஒரு பக்கம், பித்தளைக் கருவிகள் ஒரு பக்கம், தந்திகள் ஒரு பக்கம். ஒவ்வொரு குழுவுக்கும் தனி நீள அலை. மூன்று அலையும் ஒன்றாக உச்சிக்கு வருவது மூன்றே இடத்தில்தான். பாதி தூரம் போனபின் இசை அப்படியே பின்னோக்கி நடக்கும். வாசிப்பவர்கள் தங்கள் இடத்தில் தங்கள் வேகத்தில் இருக்கிறார்கள், யாரும் யாருக்கும் பின்னணி இல்லை. இது 'சாங்பேர்ட்சாங்ஸ்' காலத்திலேயே அவர் பறவைகளிடம் கற்றதுதான். குரல்தான் இப்போது கடலுடையது.

ஆறாங்காலம்

இந்த விளக்கத்துக்குப் பிறகு மறுபடி கேட்டேன். மூன்று வெவ்வேறு நீளச் சுழற்சிகள் தனித்தனியாக ஓடிச் சில இடங்களில் மட்டும் சேர்ந்து விழுவது எங்கள் கணக்குக்குப் பழக்கமான விஷயம். நாங்கள் அதை ஒரு நிமிடத்தில் முடித்துச் சமத்தில் விழுந்து கைதட்டல் வாங்குவோம். இவர் அதை முக்கால் மணி நேரத்துக்கு இழுத்திருக்கிறார். இரண்டாவது உச்சி வரும்போது அது ஏறுகிறது என்று தெரியாமலே ஏறிவிட்டிருந்தது. பாறைப்பல்லி, தாளம் போடாமல் கேட்டுப் பாருங்கள்.

நீலகிரி நடை

மழைக்குருவி சொன்ன 'யாரும் யாருக்கும் பின்னணி இல்லை' என்பதைக் காட்டில் நேரில் கேட்கலாம். விடியற்காலைக் கூட்டிசையில் ஒவ்வொரு இனமும் தனக்கென ஒரு சுர உயரத்தையோ நேரத்தையோ பிடித்துக்கொள்கிறது. பூச்சிகள் ஒரு பட்டையில், தவளைகள் இன்னொன்றில், பறவைகள் மேலே. பெர்னி கிராஸ் என்ற ஒலிச்சூழல் ஆய்வாளர் இந்தக் கருத்தை முன்வைத்தார். காடு வெட்டப்பட்டால் இந்தப் பட்டைகளில் ஓட்டை விழும். மரங்கள் நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் காது அதைச் சொல்லிவிடும் என்பது அவருடைய வாதம்.

ஆடம்ஸ் 2014இல் அலார்ம் வில் சவுண்ட் குழுவுக்காக எழுதிய 'டென் தவுசண்ட் பேர்ட்ஸ்' இந்த வகையில் முக்கியமானது. ஒரு நாளின் சுற்று, அந்தந்த நேரத்துப் பறவைகள், வாசிப்பவர்கள் பரந்து நிற்க, கேட்பவர்கள் நடுவே நடக்கலாம். ஸ்டீரியோவில் கேட்டால் பாதிதான் கிடைக்கும். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் அந்த இசையின் பகுதி.

பாறைப்பல்லி

மறுபடி கேட்டேன், ஐயா. இரண்டாவது உச்சியில் நீங்கள் சொன்னது புரிந்தது.

ஆனால் மனதில் இருப்பதையும் கேட்டுவிடுகிறேன். 1970 முதல் வட அமெரிக்காவில் சுமார் 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் 'சயன்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல். இந்த நிலையில் ஒரு கச்சேரி அரங்கில் பறவையைப் பற்றிய இசையை உட்கார்ந்து கேட்பது நமக்கு ஒரு ஆறுதலாக மட்டும் போய்விடாதா? இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

மழைக்குருவி

இந்தக் கவலை அவருக்கே இருந்தது. அலாஸ்காவுக்கு அவர் போனதே நிலப் பாதுகாப்பு இயக்கத்தோடு. 1980இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த அலாஸ்கா நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்கான போராட்டத்தில் பங்கெடுத்தார். பிறகு ஃபேர்பேங்க்ஸில் வடக்கு அலாஸ்கா சுற்றுச்சூழல் மையத்தை நடத்தினார். முழுநேர வேலை. ஒரு கட்டத்தில் அதை விட்டுவிட்டு இசைக்கு மட்டும் வந்தார். அரசியல் வேலையில் தன் இடத்துக்கு இன்னொருவர் வரலாம், தான் எழுத நினைக்கும் இசையை வேறு யாரும் எழுத முடியாது என்பது அவர் சொன்ன காரணம். சிலருக்கு இது தப்பித்தலாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. 'பிகம் ஓஷன்' ஸ்கோரின் முன்குறிப்பில் பனி உருகுவதையும் கடல் உயர்வதையும் பற்றித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இசைக்குள் பிரசாரம் ஒரு துளிகூடக் கிடையாது.

இசை ஒரு பறவையையும் காப்பாற்றாது, அதை நானும் ஏற்கிறேன். சட்டமும் நிலமும்தான் காப்பாற்றும். ஆனால் நாற்பது நிமிடம் ஒன்றை மட்டும் கேட்கப் பழகாதவர்கள், காலையில் வழக்கமாகக் கேட்கும் ஒரு குரல் இந்த வருடம் இல்லை என்பதையே கவனிக்க மாட்டார்கள். அதைக் கவனிக்காதவர்களிடம் சட்டத்துக்கு ஆதரவு கேட்டு எப்படிப் போவது?

நீலகிரி நடை

ஒப்புக்கொள்கிறேன். கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் நாங்கள் சொல்வது பைனாகுலரை இறக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள் என்றுதான். சோலைபாடியைப் பத்துப் பேரில் ஒருவர் பார்ப்பதே அபூர்வம், அடர்ந்த புதருக்குள்தான் இருக்கும். கேட்காமல் போகிறவர் அதைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்.

தேனி வாசகி

முழு இழையையும் படித்தேன். மேற்கத்திய இசை எனக்குப் பழக்கமில்லை. மழைக்குருவி அக்கா, எதில் தொடங்கலாம்? போனில், சாதாரண இயர்போனில் கேட்டால் போதுமா?

மழைக்குருவி

தங்கச்சி, 'சாங்பேர்ட்சாங்ஸ்' தொகுப்பில் முதல் துண்டு 'வுட் த்ரஷ்'. அதில் தொடங்கு. கலிதம்பியன் கன்சார்ட் குழுவின் பதிவு நன்றாக இருக்கும். இயர்போன் போதும், ஆனால் சத்தத்தைக் குறைத்து வை. அடுத்து 'தி விண்ட் இன் ஹை பிளேசஸ்' என்ற தந்தி நால்வர் இசை, 2011. நால்வரும் விரலால் தந்தியை அழுத்தவே மாட்டார்கள், திறந்த தந்தியும் இயற்கையான மேல்சுரங்களும் மட்டும்தான். வயலின் படிக்கிற எனக்கு அதைக் கேட்டபோது கை அரித்தது. இவை பிடித்தால் பிறகு 'பிகம் ஓஷன்'.

ஒலிப்பதிவாளன்

'பிகம் ஓஷன்' மட்டும் போன் ஸ்பீக்கரில் வேண்டாம். தொடக்கத்தில் வரும் தாழ்ந்த சுரங்கள் அதில் கேட்கவே கேட்காது, இசை தொடங்கவில்லை என்று நினைத்துத் தள்ளிவிடுவீர்கள். 2014இல் வந்த வெளியீட்டில் சரவுண்ட் பதிவும் தனி வட்டாக உண்டு, மூன்று குழுவும் தனித்தனித் திசையில் வரும். என் ஸ்டூடியோவில் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. சென்னையில் இருப்பவர்கள் வருவதாக இருந்தால் தனிமடலில் எழுதுங்கள், விளக்கை அணைத்துவிட்டு முழுசாகப் போடுகிறேன். பாறைப்பல்லி, நீங்கள் அவசியம் வர வேண்டும்.

பாறைப்பல்லி

வருகிறேன். 'இனுக்சுயிட்' வெர்மான்ட் பதிவையும் எடுத்து வையுங்கள்.